பின்சீட்டுப் பத்து கிலோ

நார்வே எல்லையோர ஊரான சார்ப்ஸ்போர்க்கில் ஆற்றை ஒட்டி நிற்கும் அந்த நாலு மாடிக் கட்டடத்தில், ஒட்வாருக்கு இருந்த கிராக்கி எந்த மாப்பிள்ளைக்கும் இருந்ததில்லை. அவர் அழகர் இல்லை. பணக்காரரும் இல்லை. குடிக்க மாட்டார், அவ்வளவுதான். மனைவி இறந்த பிறகு தனி ஆள். வயிறும் சின்னது. அதாவது, சுவீடனுக்குப் போய்ச் சாமான் வாங்கித் திரும்பும் எந்தக் காரிலாவது அவரை ஏற்றிக்கொண்டால், அவர் பேரில் வரும் கோட்டா அப்படியே காலியாகக் கிடக்கும்.

ஆளுக்குப் பத்து கிலோ. இறைச்சியும் சீஸும் சேர்த்து. ஒயினுக்கும் பீருக்கும் வேறு அளவு. அதைத் தாண்டினால் சுங்கச் சாவடியில் வரி. நார்வே கடையில் பன்றி இறைச்சியின் விலையைப் பார்த்தவர்கள் யாரும் எல்லையில் இருக்கும் ஸ்வீனசுண்ட் பாலத்துக்கு வழி கேட்பதில்லை, காருக்கே தெரியும். அதிலும் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் என்றால், இந்தப் பக்கம் கடைகள் எல்லாம் பூட்டு, அந்தப் பக்கம் எல்லாம் திறப்பு. பாதி நார்வே பாலத்தின் மேல்தான் நிற்கும்.

ரசனையில்லாத மலிவான ஆளை ஊரில் ‘ஹாரி’ என்பார்கள். இந்தச் சுவீடன் பயணத்துக்கும் அதே பெயர்தான், ஹாரி பயணம். ஒட்வாரின் மகள் மெரெத்தே ஆஸ்லோவில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், வாயில் அந்தச் சொல்லே வராது. ஈஸ்டருக்கு எங்கே போனாய் என்று கேட்டால், மலையில் பனிச்சறுக்கு என்பாள்.

“ஹாரின்னு சொல்றவங்க எல்லாம் எங்கே இருக்காங்கம்மா?” என்று ஒட்வார் கேட்பார்.

“எங்கேப்பா?”

“வரிசையில எனக்கு முன்னாடி.”

அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை பார்த்த காலம் முழுக்க, அந்த மாவட்டத்தின் மருத்துவமனை, வங்கி, முதியோர் இல்லம் எல்லாவற்றிலும் லிஃப்டின் கூரையில் ஏறி நின்று எண்ணெய் போட்டவர். லிஃப்டுக்குள் ஒரு தகடு இருக்குமே, ‘எட்டுப் பேர், அறுநூற்று முப்பது கிலோ’ என்று, உலகத்தில் அதைப் படிக்கிற ஒரே ஆள் அவர்தான். மெரெத்தே பொறியாளர் பட்டம் வாங்கிய அன்று, விருந்து ஆறாவது மாடியில். லிஃப்டில் அம்மா, அத்தைகள், அவர்களுடைய கணவர்கள் எல்லோரும் நெருக்கியடித்து ஏறினார்கள். ஒட்வார் எண்ணிப் பார்த்தார். தான் ஒன்பதாவது என்று தெரிந்ததும் வெளியே இறங்கிவிட்டார்.

“அட வாங்கப்பா, ஒண்ணும் ஆகாது!”

“ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கும் தெரியும். நூத்து இருபத்தஞ்சு சதவீதம் வரைக்கும் ஏத்திச் சோதிச்சது நான்தான்,” என்று சொல்லிவிட்டுப் படியேறி வந்தார். வந்து சேர்ந்தபோது சூப் ஆறியிருந்தது. முகம் சிவந்திருந்தது. மகிழ்ச்சியாகத்தான் இருந்தார்.

மெரெத்தே இன்று கிரேன்களுக்கு எடை தாங்கும் கணக்குப் போட்டுச் சான்றிதழ் கொடுக்கும் வேலையில் இருக்கிறாள். யாரைப் பார்த்து அந்த வேலைக்கு வந்தாள் என்று அவளை யாரும் கேட்டதில்லை.

மூன்றாம் மாடியில் ஒரு தம்பதிக்குப் பெண் குழந்தை பிறந்தபோது, ஒட்வார் பூங்கொத்தோடு போனார்.

“வாழ்த்துகள்! பத்து கிலோ கூடிடுச்சு!”

அந்தத் தாய் விழித்தாள். “மூணரை கிலோதான் ஒட்வார்.”

“அது அவ எடை. நான் சொல்றது அவ அளவு. பொறந்த அன்னைக்கே இறைச்சிக் கோட்டா உண்டு. ஒயினுக்குத்தான் பதினெட்டு வயசு வரைக்கும் காத்திருக்கணும்.”

அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் எந்தக் குழந்தைக்கும் பிறந்த எடையை யாரும் சொல்வதில்லை. ‘இன்னொரு பத்து கிலோ வந்துடுச்சு’ என்பதோடு சரி.

இப்படிப்பட்ட மனிதருக்காகத்தான் ஒரு வருடம் சண்டை வந்தது. பக்கத்து வீட்டு குன்வோருக்கும் கீழ்வீட்டு பியார்னேவுக்கும். குன்வோர் பள்ளிக்கூட ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவள், குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. பெரிய வியாழனுக்கு ஒட்வார் தன் காரில்தான் வருகிறார் என்று அவள் கிறிஸ்துமஸ் அன்றே சொல்லி வைத்திருந்தாள். பியார்னே புத்தாண்டன்று கேட்டு, ஒட்வார் தலையாட்டியிருந்தார். தலையாட்டுவது அவருக்கு இருமல் மாதிரி, அர்த்தம் கிடையாது. படிக்கட்டில் வைத்து இருவரும் மோதிக்கொண்டார்கள்.

“நீ அவரை மனுஷனாவா பார்க்கிறே? பத்து கிலோ பன்னியாப் பார்க்கிறே!” என்றாள் குன்வோர்.

“நீ மட்டும்? மூணு பெட்டி ஒயினாப் பார்க்கிறே!”

மறுநாள் ஒட்வார் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு எல்லைக்குப் போனார். ஒரு சாமானும் வாங்கவில்லை. நேராகச் சுங்கச் சாவடிக்குள் நுழைந்து, என் கோட்டாவில் நான் பிறருக்குச் சாமான் கொண்டுவரலாமா என்று கேட்டார். சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவரலாம், அன்பளிப்பாகக் கொடுக்கலாம், விற்கக் கூடாது, கூலிக்குச் சுமக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வந்து, படிக்கட்டு நடுவில் நின்று, கட்டடம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார்.

“என் பத்து கிலோ இனிமே யாருக்கும் கிடையாது. எல்லாருக்கும்.”

அப்படித்தான் ஈஸ்டர் சனிக்கிழமை விருந்து தொடங்கியது. அவருடைய பத்து கிலோவை அவரே காசு போட்டு வாங்குவார். அவர் பேரில் வரும் ஒயினும் அப்படியே. சனிக்கிழமை மதியம் கீழ்த்தளத்துப் பொது அறையில் மேசைகளை ஒட்டிப் போட்டு, ஆட்டுத்தொடைகளைப் பூண்டு செருகி அடுப்பில் வாட்டி, உருளைக்கிழங்கைப் பாலேட்டில் வேகவைத்து, கட்டடம் முழுவதையும் உட்கார வைப்பார். அன்பளிப்பு. சட்டத்தில் இடம் இருக்கிறது.

அவருக்கு ஒரு முறை இருந்தது. ஆளுக்கு ஒரு நீலக் குளிர்ப்பை. கடை வாகன நிறுத்தத்திலேயே கொக்கித் தராசில் தொங்கவிட்டு நிறுப்பார். கழிப்பறைத் தாள், மிட்டாய் எல்லாம் டிக்கிக்குப் போகும். இறைச்சிப் பை மட்டும் அந்தந்த ஆளோடுதான் பயணம் செய்ய வேண்டும். யாருடையது எது என்று சுங்கக்காரன் கேட்டால் விரல் நீட்டிக் காட்டவேண்டும், அதுதான் காரணம். அவர் பை அவர் மடியில். மெரெத்தே காரோட்ட, முழங்கால் வலிக்காரி குன்வோருக்கு முன்சீட் என்பதால், கடைசி வருடங்களில் அவர் எப்போதும் பின்சீட்டில் வலப்பக்கம். போகும்போது வெறும் மடி. வரும்போது மடியில் ஆட்டுத்தொடை, முகத்தில் பேரனைத் தூக்கி வைத்திருப்பவரின் பெருமிதம்.

மிச்சமிருக்கும் ஈரல் தடவிய ரொட்டித் துண்டைக் காட்டுவதற்காக ஒருமுறை, அறிவிக்கப் பொருள் உள்ளவர்களுக்கான சிவப்புத் தடத்தில் போனார். பாதி கடித்த துண்டு.

“அதைச் சாப்பிட்டுடுங்க, பிரச்சினை தீர்ந்துடும்,” என்றாராம் சுங்கக்காரர்.

“பசியில்லை,” என்றாராம் ஒட்வார்.

ஜனவரியில் அவர் இறந்தார். குன்வோர் வீட்டுச் சமையலறையில், தொட்டிக்கு அடியில் படுத்து, குழாய் மாற்றிக்கொண்டிருந்தபோது. இதயம். ஸ்பேனர் கையிலேயே இருந்தது. குழாயை முடித்திருந்தார். கசியவில்லை.

அடக்கம் முடிந்து, பொது அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, குன்வோர்தான் கேட்டாள். கேக்கை விழுங்காமலே கேட்டாள்.

“அப்போ ஈஸ்டர் சனிக்கிழமை?”

மெரெத்தே யோசிக்கவில்லை.

“உண்டு,” என்றாள்.

அப்பாவின் வீட்டை விற்றாயிற்று. ஈஸ்டர் முடிந்ததும் சாவி கைமாறும். அதனால் இது ஒரே ஒரு முறை. மெரெத்தேவுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அவர் செய்த மாதிரியே செய்துவிட வேண்டும். அதே ஆட்டுத்தொடை, அதே பூண்டு. பாலத்தைத் தாண்டும்போது ஒரு குற்றமும் இல்லாத இறைச்சி. அலுவலகத்தில் ஈஸ்டருக்கு எங்கே என்று கேட்டார்கள்.

“ஹாரி பயணம்,” என்றாள். மலை, பனிச்சறுக்கு என்றெல்லாம் சொல்லவில்லை.

பெரிய வியாழனன்று குன்வோர் காலையிலேயே தயாராக நின்றாள். கையில் பிளாஸ்க், ஆரஞ்சுப் பழம், கொழுத்த துப்பறியும் நாவல் ஒன்று. ஈஸ்டர் என்றால் அந்த நாட்டில் யாராவது கொலை செய்யப்பட்டாக வேண்டும், அதைப் படித்தாக வேண்டும்.

“உன் காரு சத்தமே போடாது. ஸ்டார்ட் ஆயிடுச்சா இல்லையான்னே தெரியல,” என்றாள் ஏறியதும்.

“போயிட்டுதான் இருக்கோம் குன்வோர்.”

“அப்பா காரு பரவாயில்லை. கிளம்பினா நாலு தெருவுக்குத் தெரியும்.”

பின்சீட்டில் நீலப் பைகள் மடித்துக் கிடந்தன. அப்பாவின் அலமாரியில் கொக்கித் தராசோடு சேர்த்து ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்ததை மெரெத்தே அப்படியே எடுத்து வந்திருந்தாள்.

அந்தப் பக்கத்துக் கடைவெளியில் கூட்டம். பேக்கன் அலமாரியின் முன்னால் ஒரு குடும்பமே சங்கிலி போட்டு நின்று கைமாற்றிக்கொண்டிருந்தது. ஒருவன் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியின் மேல்தட்டில் இறைச்சிக்கு நடுவில் உட்கார வைத்திருந்தான். குன்வோர் அதைப் பார்த்து விரலை நீட்டினாள்.

“பாரு, பத்து கிலோ.”

மெரெத்தே சிரித்தாள். நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. ஆட்டுத்தொடைகளைத் தேர்ந்தெடுத்தாள். தனக்குக் கொஞ்சம் பன்றிக் கழுத்துக்கறி, பேக்கன், செங்கல் கனத்தில் ஒரு சீஸ். குன்வோர் ஒரு வருடத்துக்கான மாட்டிறைச்சியை வாங்கினாள். ஒயின் கடையில் பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது, “இது எனக்கு, இது உனக்கு, இது சனிக்கிழமைக்கு,” என்று தட்டித் தட்டிச் சொன்னாள். மெரெத்தே தலையாட்டினாள்.

உணவகத்தில் இறால் சாண்ட்விச் இரண்டு என்றுதான் சொன்னாள். அங்கே தவறவில்லை. ஒட்வாருக்கு வருடத்தில் இருந்த ஒரே ஆடம்பரம் அது, இறால் மலை மாதிரி குவிந்த சாண்ட்விச். எலுமிச்சைத் துண்டைப் பிழிந்து, கண்ணில் தெறித்து, ‘ஒவ்வொரு வருஷமும்’ என்று தன்னையே திட்டிக்கொள்வார். மெரெத்தே எலுமிச்சையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தாள்.

வாகன நிறுத்தத்தில் கொக்கித் தராசை எடுத்தாள். அவளுக்குக் கைவந்த வேலை. ஒன்பதே முக்கால் கிலோ. ஒன்பது கிலோ தொள்ளாயிரம். கடைசிப் பை ஒன்பது எண்ணூறு. எல்லாம் அளவுக்குள். குன்வோரின் பையைக் குன்வோரின் காலடியில் வைத்தாள். தன் பையைத் தன் சீட்டுக்குப் பின்னால் தரையில். சனிக்கிழமைப் பையை அதன் இடத்தில், பின்சீட்டில் வலப்பக்கம் வைத்தாள்.

புறப்பட்டதும் கார் கத்த ஆரம்பித்தது. டிங். டிங். டிங்.

“என்னடி இது? சத்தமே போடாத காருன்னு நினைச்சேனே?”

“யாரோ பெல்ட் போடலைங்குது.”

“நான் போட்டிருக்கேன். நீ?”

“போட்டிருக்கேன். பின்சீட்டுல சென்சார் இருக்கு. பை கனம் தெரிஞ்சு, ஆள்னு நினைக்குது.”

“ஆளைப் பையா நினைச்சாத்தான் தப்பு,” என்ற குன்வோர், முழங்காலைச் சபித்துக்கொண்டே திரும்பி, பெல்ட்டை இழுத்துப் பையைச் சுற்றிச் செருகினாள். சத்தம் நின்றது. “இந்தா, பத்திரமா உட்காரு,” என்று பையைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு நாவலைத் திறந்தாள்.

பாலத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே வரிசை தொடங்கிவிட்டது. கார்கள் மூச்சு விட்டுவிட்டு நகர்ந்தன. முன்னால் ஒரு காரில் பிள்ளைகள் மிட்டாய்ப் பையில் முகத்தைப் புதைத்திருந்தார்கள். கீழே கடல்வாய் பளபளத்தது.

“கொலைகாரன் மாமனார்தான்,” என்றாள் குன்வோர்.

“அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?”

“அறுபது பக்கம்தான் ஆச்சு. ஆனா அவன்தான் எல்லாருக்கும் காபி ஊத்துறான். ரொம்ப நல்லவனா இருக்கான்.”

மெரெத்தே திரையைப் பார்த்தாள். பேட்டரி அளவு பார்ப்பதற்காகத்தான் பார்த்தாள். ஓரத்தில் ஒரு சின்னக் கார்ப் படம். அதில் பெல்ட் போட்டவர்களுக்குப் பச்சைப் புள்ளி. முன்னால் இரண்டு. பின்னால் வலப்பக்கம் ஒன்று.

மூன்று பேர்.

முன் கார் நகர்ந்தது. அவள் நகரவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

“போடி, வழி விட்டிருக்காங்க.”

மெரெத்தே காரை நகர்த்தினாள்.

“குன்வோர். நாம எத்தனை பேரு?”

“என்ன கேள்வி இது? ரெண்டு பேரு.”

“எத்தனை பை?”

குன்வோர் நாவலிலிருந்து தலையைத் தூக்கினாள். காலடியைப் பார்த்தாள். திரும்பி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பார்த்தாள். அதன் பிறகு, தான் சற்று முன் தன் கையால் பெல்ட் போட்டுவிட்ட பையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“அடக் கடவுளே,” என்றாள். “ஒட்வாரையும் கூட்டிட்டு வந்துட்டோம்.”

கிரேன் கணக்கில் ஒரு கிலோ பிசகினால் மூன்று இடத்தில் சிவப்பு விழும்படி அட்டவணை வைத்திருப்பவள் மெரெத்தே. இங்கே பத்து கிலோ பிசகியிருக்கிறது. அதையும் தராசில் நிறுத்து, அளவுக்குள் இருக்கிறதா என்று சரிபார்த்து, திருப்திப்பட்டு எடுத்து வந்திருக்கிறாள்.

“திரும்பிப் போயிக் கொடுத்துட்டு வந்துடலாமா?” என்றாள்.

“இறைச்சியைத் திருப்பி வாங்குவாங்களா? அதோட, இந்தப் பாலத்துல எங்கடி திரும்புவே? பறப்பியா?” குன்வோர் நாவலை மூடினாள். “நான் ஒண்ணு சொல்றேன் கேளு. பச்சைத் தடத்துல போ. எல்லாரும் அதுலதான் போறாங்க. முன்னாடி போறான் பாரு, அவன் கார் டயரைப் பாரு. பின்பக்கம் தரையைத் தொடுது. அவன் ஏத்தியிருக்கிறது பஞ்சா?”

“குன்வோர்.”

“பிடிச்சாங்கன்னா, அழு. அப்பா செத்துட்டாருன்னு சொல்லு. பொய்யில்லையே.”

“அவரு ரொட்டித் துண்டைக் காட்டினவரு.”

“தெரியும்டி. பக்கத்துல நான்தானே உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் போச்சு, எனக்குக் கழிப்பறை அவசரம்.” குன்வோரின் குரல் இறங்கியது. “உங்கம்மா இறந்த வருஷம் நாங்க ரெண்டு பேரும்தான் வந்தோம். அப்பா ரெண்டு பை எடுத்துட்டு வந்தாரு. முந்தின வருஷம் மூணு. ஒரு பையைக் குறைச்சுட்டாரு. அவ்வளவுதான். ரெய்டுன்னு உங்கம்மா பேரைக்கூட எடுக்கல. எப்படி மனுஷா உனக்கு இது வருதுன்னு நினைச்சேன்.”

அப்பாவின் அலமாரியில், ரப்பர் வளையத்துக்குள் இருந்த பைகள் மூன்று. ஒன்று அம்மாவுடையது. அவர் அதை வெளியே எறியவில்லை. கூட எடுத்து வரவுமில்லை. அதன் பிறகு மெரெத்தே மீண்டும் அவர்களோடு வரத் தொடங்கியதும், அந்தப் பை மறுபடி வேலைக்கு வந்தது. கழித்தும் கூட்டியும் அவருக்குக் கணக்கு எப்போதும் சரியாகவே இருந்தது.

பாலம் முடிந்தது. தடங்கள் பிரியும் இடம் தெரிந்தது. நேரே பச்சைப் பலகை, ‘அறிவிக்க ஏதுமில்லை’. வலப்பக்கம் சிவப்பு. பச்சையில் கார்கள் நிற்காமல் ஒழுகிக்கொண்டிருந்தன. சிவப்பில் ஒரு லாரி மட்டும் நின்றது.

“ஒரு பையை இங்கயே குப்பையில போட்டுட்டு, என் பங்கிலயிருந்து விருந்து போடலாம்,” என்றாள் குன்வோர் திடீரென்று. “நான் ஒரு வருஷம் மீன் சாப்பிடறேன். செத்துட மாட்டேன்.”

அதுதான் அன்றைக்கு குன்வோர் சொன்னதிலேயே பெரிய வார்த்தை. மெரெத்தே அவளைப் பார்த்தாள்.

“வேணாம். அவரு இறைச்சியைத்தான் அவங்க சாப்பிடணும்,” என்று சொல்லி, வலப்பக்கச் சிக்னல் போட்டாள்.

உள்ளே, மேசைக்குப் பின்னால் இளம் அதிகாரி ஒருவர். நல்ல தூக்கக் கலக்கம். பெரிய வியாழனில் தானாக வந்து நிற்பவர்கள் குறைவு போலும், கொஞ்சம் சந்தேகமாகவே பார்த்தார்.

“என்ன இருக்கு?”

“இறைச்சி. ஒரு ஆள் அளவு அதிகம்,” என்றாள் மெரெத்தே.

“எத்தனை பேரு காருல?”

“ரெண்டு பேரு.”

“மொத்தம் எத்தனை பை?”

“மூணு. ஒவ்வொண்ணும் பத்துக்குள்ள. எடை போட்டாச்சு.”

அதிகாரி பேனாவை வைத்தார். “எடை போட்டீங்க. ஒவ்வொண்ணும் சரியாப் பத்துக்குள்ள இருக்கான்னு பார்த்தீங்க. ஆனா மூணாவது ஆள் இல்லேன்னு பார்க்கல?”

“பார்க்கல.”

“எப்படிம்மா?”

மெரெத்தே வாயைத் திறந்தாள். கிரேன் விபத்து அறிக்கையைக்கூட உணர்ச்சியில்லாமல் வாசிக்கக்கூடியவள். ‘வழக்கமாக’ என்ற சொல்லோடு பேச்சு நின்றுவிட்டது.

“அவங்க அப்பா,” என்றாள் குன்வோர். “ஒவ்வொரு வருஷமும் பின்சீட்டுல வருவாரு. இந்த வருஷம் வரல. ஜனவரியில எங்க வீட்டுக் குழாயைச் சரி பண்ணிட்டு, அப்படியே போயிட்டாரு. நாங்க பழக்கத்துல அவருக்கும் சேர்த்து வாங்கிட்டோம். அவ்வளவுதான் தம்பி. இதுல நீ எழுதிக்க ஒண்ணுமில்லை.”

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கன்னத்தைச் சொறிந்தார்.

“வருத்தமா இருக்கு,” என்றார். பிறகு, “ஆனா இறந்தவங்களுக்குக் கோட்டா கிடையாது,” என்றார். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டது என்று அவருக்கே உறைத்தது போல, முகம் சிவந்தது.

“தெரியும். அதான் சிவப்புல வந்தேன்,” என்றாள் மெரெத்தே.

“இங்கயே விட்டுட்டும் போகலாம். நாங்க அழிச்சிடுவோம். வரி கட்டறதுன்னா, சொல்லிடறேன், சுவீடன்ல மிச்சம் பிடிச்சதைவிட அதிகமா வரும். ஊருல வாங்கியிருந்தா மலிவா முடிஞ்சிருக்கும்.”

“கட்டறேன்.”

“எந்தப் பைக்கு?”

விதிப்படி அது எந்தப் பையாக இருந்தாலும் ஒன்றுதான். ஆனால் அவர் கேட்டுவிட்டார். மெரெத்தே கண்ணாடி வழியாகக் காரைப் பார்த்தாள். பின்சீட்டு, வலப்பக்கம், நீலப் பை, குறுக்கே பெல்ட்.

“அதோ, பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கே. அதுக்கு.” விரலை நீட்டிக் காட்டினாள்.

அதிகாரி எட்டிப் பார்த்தார். சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல், கணினியைத் தட்டினார். பையைக் கொண்டு வந்து அவருடைய தராசில் வைத்தார்கள். ஒன்பது எண்ணூறு. கொக்கித் தராசும் அதையே சொல்லியிருந்தது. மெரெத்தே வங்கி அட்டையை எடுத்தாள்.

“வேற ஏதாவது?” என்றார் அதிகாரி.

“இல்லை,” என்றாள் மெரெத்தே.

குன்வோர் மேற்கூரையைப் பார்த்தாள். வெளியே நின்ற லாரியைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

“ஒயின்,” என்றாள்.

“என்ன ஒயின்?”

“சனிக்கிழமை ஒயின். அதுவும் ஒட்வார் பேருல இருக்கு. டிக்கியில.” மெரெத்தேவைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். “என்னை ஏன் அப்படிப் பார்க்கிறே? நான் சொல்லாம இருந்துடுவேன்னு நினைச்சியா? நினைச்சேதான். ரெண்டு நிமிஷம் நானும் நினைச்சேன்.”

அதிகாரி இந்த முறை சிரித்துவிட்டார். அதற்கும் வரி போட்டார். அதைக் குன்வோர் தன் அட்டையில் கட்டினாள். வேண்டாம் என்று மெரெத்தே சொன்னதை, அவள் காதில் வாங்கவில்லை.

“உன் இறைச்சி, என் ஒயின். சனிக்கிழமை நானும்தானே கூப்பிடறேன்,” என்றாள்.

வெளியே வந்தார்கள். காற்றில் ஈரம். பச்சைத் தடத்தில் கார்கள் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தன. மெரெத்தே பையைப் பின்சீட்டில், அதன் இடத்தில் வைத்தாள். ரசீதை மடித்துப் பையின் ஜிப்புக்குள் போட்டாள். குன்வோர் முனகிக்கொண்டே முன்சீட்டில் ஏறி, கழிப்பறைக்குப் போக மறந்துவிட்டதை நினைத்து, மறுபடி இறங்கிப் போய் வந்தாள்.

காரைக் கிளப்பியதும் கத்தியது. டிங். டிங். டிங்.

“போட்டு விடுடி,” என்றாள் குன்வோர், நாவலில் விட்ட பக்கத்தைத் தேடியபடி. “உயிரோட இருந்த வரைக்கும் சும்மாவே கூட வந்தாரு. இப்போ முழு வரி கட்டிக் கூட்டிட்டுப் போறோம். பெல்ட் இல்லாம விழுந்துட்டாருன்னா நஷ்டம்.”

மெரெத்தே பின்னால் சாய்ந்து, பெல்ட்டை இழுத்து, கிளிக் என்று செருகினாள். திரையில் மூன்றாவது புள்ளி பச்சையானது.

“தொடை எத்தனை மணி நேரம் வேகணும்?” என்று கேட்டாள்.

“உங்கப்பா சொல்லித் தரலையா?”

“கூட இருந்து பார்த்ததில்லை. சாப்பிட மட்டும்தான் வருவேன்.”

“எனக்குத் தெரியும்,” என்றாள் குன்வோர். “ஆனா பூண்டு அவரு போடற அளவுக்குப் போடாதே. அதுல மட்டும்தான் அவரு எப்பவும் அளவு மீறுவாரு.”